பார்ட்ஸ் எல்லாம் கிடைத்துவிட்டது, மச்சான்

786

வில்லியனூர்
17-8-1985

காரைக்கால் ஜவுளி வியாபாரியும் என் மனைவியின் மூத்த சகோதரருமான கண்ணியத்துக்குரிய பெரிய மச்சான் பஷீர் அகமது அவர்களுக்கு, வில்லியனூர் கடைத்தெரு மளிகை காஜா மொய்தீன் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் தங்கள் தங்கை கைருன்னிசாவும் கடையும் சுகம். தங்கள் சர்க்கரை, தங்கள் முழங்கால், தங்கள் புது மருமகன் யாவரும் சுகமாக இருக்க துஆ செய்கிறோம். இத்துடன் மரியாதை முடிந்தது. இனி விஷயத்துக்கு வருகிறேன்.

போன ஜனவரியில் தங்கள் கடைசி மகள் நிக்காஹ் விருந்தில் தாங்களும் நானும் என் சம்பந்தியும் ஒரே தட்டில் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். வாய் சும்மா இராமல் நான், பாகூரில் ஒரு பிரெஞ்சு மோட்டார் சைக்கிள் விலைக்கு வருகிறது, வாங்கலாம் என்றிருக்கிறேன் என்று சொல்லித் தொலைத்தேன். தாங்கள் கையில் இருந்த எலும்பைக் கீழே வைக்காமலேயே, பந்தல் முழுக்கக் கேட்கும் குரலில் சொன்னது இது: “அம்பத்திநாலு வயசுல ஒங்களுக்கு ரேஸ் வண்டியா மச்சான்? வாங்குங்க, வேணான்னு சொல்லல. ஆனா மொதல்ல பார்ட்ஸ் கெடைக்குமான்னு பாருங்க. பார்ட்ஸ் கெடைக்காத வண்டிய வாங்கறது பொணத்துக்கு மாப்பிள்ளை தேடற மாதிரி.” எங்கள் தட்டு சிரித்தது. பக்கத்துத் தட்டு சிரித்தது. சமையல்காரர் கரண்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். என் சம்பந்திக்குச் சிரித்துச் சிரித்துப் புரை ஏறி, அவர் தலையில் தட்டி விட்டதும் நான்தான். அன்றைக்கே அந்தப் பந்தலிலேயே முடிவு செய்துவிட்டேன். மச்சான் சொன்னபடியே பார்ட்ஸ் எல்லாவற்றையும் முதலில் பிடிக்கிறேன். அதன் பிறகுதான் வண்டியை வாங்குவேன். வாங்கி அதிலேயே காரைக்கால் வந்து, தாங்கள் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் நேரமாகப் பார்த்து, கடை வாசலில் நிறுத்தி ஹாரன் அடிப்பேன்.

அது என்ன வண்டி என்று தாங்கள் அன்றைக்குக் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன். அதன் பெயர் வெலோரா. பாகூர் சுப்பராயலு என்று ஒருவர் இருந்தார், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். எல்லாரும் சொல்தா என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் ஊர் திரும்பியபோது கப்பலில் கூடவே கொண்டுவந்த வண்டி. சிவப்பு டேங்க். ஹேண்டில் பார் நம் ஊர் வண்டிகளைப் போல நெஞ்சுக்கு நேராக இருக்காது, தாழ்ந்து இருக்கும். கிணற்றை எட்டிப் பார்ப்பவன் மாதிரி குனிந்து பிடித்தால்தான் ஓட்ட முடியும். வில்லியனூரில் இருந்த தன் தங்கையைப் பார்க்க வரும்போதெல்லாம் சொல்தா என் கடை வாசலில்தான் அதை நிறுத்துவார். நான் துவரம்பருப்பை நிறுத்துக்கொண்டே வண்டியைப் பார்ப்பேன். அன்றைக்கு வாடிக்கைக்காரர்கள் எல்லாருக்கும் எடை கூடுதலாகவே போகும். ஒரு நாள் அவர் சாவியை நீட்டி, “சும்மா பாத்துனே இருக்கியே பாய், ஒரு சுத்து போய்ட்டு வா” என்றார். தேரடி வரைக்கும் போனேன், திரும்பி வந்தேன். அவ்வளவுதான். ஆனால் மச்சான், அந்தக் கொஞ்ச தூரத்தில் என்னிடம் யாரும் அரைக் கிலோ புளி கேட்கவில்லை. கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்தே தலை நரைத்தவனுக்கு அது என்ன சுகம் என்று ஜவுளிக் கடைக்காரரான தங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் தங்களுக்காக வருத்தப்படுகிறேன்.

சொல்தா இறந்து சில வருஷம் ஆகிறது. வண்டி மாட்டுக் கொட்டகையில் தார்ப்பாய் போர்த்திக் கிடந்தது. ரிப்பேருக்கு என்று கார்புரேட்டரைக் கழற்றிக்கொண்டு போன ஒரு ஆள் திரும்பி வரவே இல்லை. ஸ்பார்க் கொடுக்கிற மேக்னட் காயில் கருகிவிட்டது. வயரை எல்லாம் எலி தின்றுவிட்டது. சொல்தாவின் மனைவி வள்ளியம்மாள் ஆள் கண்டிப்பானவர். முதல் நாளே வாசலில் நிறுத்திவைத்து என்னிடம் கண்டிஷன் போட்டார்: “பழைய இரும்புக்காரன் நாலு பேர் வந்து கேட்டுட்டான் பாய், வெரட்டி வுட்டுட்டேன். அவரு வண்டி இந்த வூட்ட வுட்டுப் போனா சத்தம் போட்டுக்கினு ஓடித்தான் போவணும். மாட்டு வண்டியில ஏத்தறதுன்னா பேச்சே வேணாம்.” தாங்கள் போட்ட கண்டிஷனும் இந்த அம்மாள் போட்ட கண்டிஷனும் ஒன்றாகிவிட்டன. முதலில் பார்ட்ஸ், பிறகு வண்டி. அதனால் முன்பணம் என்று ஒரு காசு கொடுக்காமல் தேட ஆரம்பித்தேன்.

பாண்டிச்சேரி டவுனில் ஏறி இறங்காத ஸ்பேர் பார்ட்ஸ் கடை இல்லை. வெலோரா என்று சொன்னால் ஒருவன் வெல்லமா என்று கேட்கிறான். இன்னொருவன், “மளிகைக் கடை அடுத்த தெரு பாய்” என்று எனக்கே வழி காட்டுகிறான். சரி, செய்தவனையே கேட்போம் என்று பிரான்சில் இருந்த வெலோரா கம்பெனிக்குக் கடிதம் போட்டேன். நம் ஊர் சிவப்பிரகாசம் முன்பு நொத்தேர் ஆபீசில் பத்திரம் எழுதிக்கொண்டிருந்தவர். அவர்தான் பிரெஞ்சில் எழுதிக் கொடுத்தார். நிலம் விற்கிற மாதிரியே எழுதினார், வண்டிக்கு நாலு பக்க எல்லை மட்டும்தான் போடவில்லை. மூன்று மாதம் கழித்து பதில் வந்தது. அதையும் அவரே கண்ணாடி போட்டுப் படித்துச் சொன்னார். மோட்டார் சைக்கிள் செய்வதை விட்டு வெகுகாலம் ஆகிவிட்டதாம். இப்போது தையல் மெஷின் செய்கிறார்களாம். வேண்டுமானால் அனுப்பி வைக்கிறார்களாம். தங்கள் தங்கை அடுப்படியில் இருந்தபடியே, “அதயாவது வாங்குங்க. வூட்டுக்கு ஆவும்” என்றாள். அவளும் தங்கள் கூடப் பிறந்தவள்தானே.

நான் விடுவேனா? கடையை அடைத்துவிட்டு மெட்ராஸுக்கு பஸ் ஏறினேன். புதுப்பேட்டையில் உலகத்து வண்டியெல்லாம் எலும்பெலும்பாகக் கிடக்கிறது. வெயிலில் தெருத்தெருவாக அலைந்து, கடைசியில் ஒரு கடைக்காரர் சாக்குக்கு அடியில் கையை விட்டு ஒரு கார்புரேட்டரை எடுத்து, மண்ணெண்ணெயில் கழுவி, குழந்தையைக் கொடுப்பது போல என் கையில் கொடுத்தார். “அசல் பிரெஞ்சு சரக்கு பாய். இனிமே கெடைக்காது” என்றார். பஸ்ஸில் மடியை விட்டு இறக்கவில்லை. திண்டிவனத்தில் டீ குடிக்கக்கூட இறங்கவில்லை. நேராக ஒதியம்பட்டு போய், பம்பு செட் இன்ஜின் ரிப்பேர் பார்க்கும் மணவாளனிடம் காட்டினேன். அவன் அதை இப்படித் திருப்பி அப்படித் திருப்பி, “பாய், இது ஆட்டோவுது” என்றான்.

“எந்த ஆட்டோ?”

“ஆட்டோ ரிக்ஷா. ஒங்க கடைக்கு எதுத்தாப்புல ஸ்டாண்டுல நிக்குதே, அதுல இருக்கறது. இத வாங்கவா மெட்ராஸ் போனீங்க?”

மச்சான், சிரித்து முடித்துவிட்டீர்களா? சிரிக்க இன்னும் இருக்கிறது, கொஞ்சம் மிச்சம் வையுங்கள். நான் அவனிடம், ஆட்டோவுதோ அய்ரோப்பாவுதோ, இதுதான் அந்த வண்டியில் ஏறப் போகிறது, உன்னால் முடியுமா முடியாதா என்று கேட்டேன். அவன் பீடியைக் காதிலிருந்து எடுத்துப் பற்றவைத்து யோசித்தான். பிறகு திருவாண்டார்கோயில் பக்கம் ஒரு லேத் பட்டறைக்கு என்னைச் சைக்கிளில் வைத்து மிதித்துக்கொண்டு போனான். அங்கே பித்தளையில் ஒரு வளையம் கடைந்தார்கள். முதல் வளையம் பெரிதாகிவிட்டது, இரண்டாவது சின்னதாகிவிட்டது. மூன்றாவதை பாகூருக்கு எடுத்துப் போய் வைத்துப் பார்த்தால் கச்சிதம். ஆட்டோ கார்புரேட்டர் வெலோராவில் உட்கார்ந்துகொண்டது. வள்ளியம்மாள் கிட்டே வந்து குனிந்து பார்த்தார். அன்றைக்குத்தான் முதல் தடவையாக எனக்கு மோர் கொடுத்தார்.

இனி பாக்கி மேக்னட் காயில் ஒன்றுதான். அதற்கு மட்டும் வேறு எந்த வண்டியின் காயிலும் சேராது என்று மணவாளன் கையை விரித்துவிட்டான். மறுபடியும் டவுனுக்குப் போனேன். முன்பு வெல்லமா என்று கேட்ட அதே கடைக்காரன் இந்தத் தடவை என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, “இன்னா பாய், நீங்களும் இதே வண்டியா? அரியாங்குப்பத்துல இருந்து மரியதாஸ்னு ஒருத்தர் ரெண்டு மாசமா இதே பேர சொல்லிக்கினு வந்து வந்து நிக்கறாரே” என்றான். ஆற்றுக்கு அந்தப் பக்கம் இன்னொரு வெலோரா இருக்கிறது! அப்போதே அரியாங்குப்பம் ஓடினேன்.

மரியதாஸ், வெள்ளைக்காரன் காலத்தில் துரைமார்களுக்குக் கார் ஓட்டியவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். சட்டைப் பித்தானைக் கழுத்து வரை போட்டிருப்பார். ஐயா என்பதற்கு இன்றைக்கும் பிரெஞ்சில் முசே என்றுதான் சொல்வார். கதவைத் திறந்ததும் நான் வெலோரா என்றேன். அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். “வாங்க முசே, வாங்க. விக்கறதுக்குத்தானே வந்திருக்கீங்க?”

“இல்லீங்க, வாங்கறதுக்கு வந்திருக்கேன்.”

பிடித்த கையை விட்டுவிட்டார். விஷயம் என்னவென்றால், அவர் வண்டியில் காயில் பிரமாதமாக இருக்கிறது, கியர் பாக்ஸ் தூள் தூளாகிவிட்டது. பாகூர் வண்டியில் கியர் பாக்ஸ் பிரமாதம், காயில் இல்லை. பாகூர் வண்டியைக் கூறு போட்டுக் கியர் பாக்ஸை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அவர் எப்போதோ வள்ளியம்மாளிடம் போயிருக்கிறார். அந்த அம்மாள் துடைப்பத்தோடு தெருக்கோடி வரை கொண்டுவந்து விட்டிருக்கிறார். நானோ அவர் வண்டியைக் கூறு போட வந்து நிற்கிறேன். “ஒங்க வண்டி செத்துப் போச்சிங்க, காயில குடுங்க” என்றேன் நான். “உன்னுதுதான் முசே செத்துப் போச்சு, கியர் பாக்ஸக் குடு” என்றார் அவர். ஒரு மணி நேரம் இரண்டு பேரும் மாற்றி மாற்றி எதிராளி வண்டிக்கு ஒப்பாரி வைத்தோம். அவர் மனைவி வந்து இரண்டு பேருக்கும் காபி கொடுத்து, “ரெண்டையும் ஆத்துல தள்ளிட்டு வேற வேல பாருங்க” என்றார். அப்போதுதான் எங்கள் இருவருக்கும் முதல் தடவையாகக் கருத்து ஒத்துப்போனது. இந்த அம்மாளுக்கு ஒன்றும் தெரியாது என்றோம்.

காபிக்குப் பிறகு ஒரு வழி பிறந்தது. காயிலோடு மரியதாஸ் பாகூர் வருவது, அதை மாட்டிப் பார்ப்பது. வண்டி ஸ்டார்ட் ஆனால் காயில் எனக்கு. அது மட்டும் இல்லை, அவருடைய வண்டியையே முழுசாக எனக்குக் கொடுத்துவிடுவது. ஆயுசுக்கும் எனக்கு பார்ட்ஸ் பஞ்சம் இருக்காது. ஸ்டார்ட் ஆகாவிட்டால் நான் ஒதுங்கிக்கொண்டு, வள்ளியம்மாளிடம் அவருக்காக நானே பேசி, துடைப்ப அடி விழுந்தாலும் வாங்கிக்கொண்டு, கியர் பாக்ஸை அவருக்கு வாங்கிக் கொடுப்பது. பந்தயம் கட்டுவது நமக்கு ஹராம் என்று எனக்கும் தெரியும். அதனால் பந்தயம் என்ற வார்த்தையை யாரும் உச்சரிக்கவில்லை. ஒப்பந்தம் என்றுதான் பேசினோம். இதைப் பள்ளிவாசலில் பேச்சாக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நேற்று காலை நான், மணவாளன், துணிப் பையில் காயிலோடு மரியதாஸ், மூன்று பேரும் பாகூர் போனோம். தங்கள் தங்கையும் கூட வந்தாள். இந்தப் பைத்தியம் எது வரைக்கும் போகிறது என்று கண்ணால் பார்த்து அண்ணனுக்கு எழுத வேண்டுமாம். மரியதாஸைக் கண்டதும் வள்ளியம்மாள் துடைப்பத்தைத் தேடினார். நான் குறுக்கே நின்று சமாதானம் செய்தேன். மணவாளன் காயிலை மாட்டினான், புது வயர் இழுத்தான், பெட்ரோல் ஊற்றினான். “உதைங்க பாய்” என்றான். உதைத்தேன். சத்தமே இல்லை. உதைத்தேன், உதைத்தேன், வேட்டி அவிழ்ந்ததே தவிர வண்டி அசையவில்லை. மரியதாஸ் மரியாதைக்காக முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். மணவாளன் பிளக்கைக் கழற்றித் துடைத்து ஊதி மாட்டினான். மறுபடியும் உதைத்தேன். கிக்கர் திரும்பி வந்து என் முழங்காலுக்குக் கீழே அடித்த அடியில் கண்ணில் பூச்சி பறந்தது. தங்கள் தங்கை, “போதும், வாங்க வூட்டுக்கு” என்றாள். போதும் என்று எனக்கும் தோன்றத்தான் தோன்றியது. அந்த நேரம் பார்த்துத் தங்கள் கையில் இருந்த அந்த எலும்பு ஞாபகத்துக்கு வந்தது. பிஸ்மில்லா சொல்லி மற்றக் காலால் ஒரு உதை விட்டேன்.

மச்சான், அது பிடித்துக்கொண்டது! கொட்டகைக் கூரையில் இருந்த புழுதியெல்லாம் கொட்டியது. பசு கயிற்றை அறுத்துக்கொண்டு கரும்புக் கொல்லைக்குள் ஓடியது. மணவாளன் கத்துகிறான், என்ன கத்துகிறான் என்று யாருக்கும் கேட்கவில்லை. மரியதாஸ் கையை டேங்க்கின் மேல் வைத்தபடி நின்றுவிட்டார், தோற்றுப் போனதே அவருக்கு ஞாபகம் இல்லை. தெருவில் போனவர்கள், சொல்தா வந்துவிட்டாரா என்று எட்டிப் பார்த்தார்கள். வள்ளியம்மாள் சட்டென்று வீட்டுக்குள் போய்விட்டார். வெகுநேரம் கழித்து முகம் கழுவிக்கொண்டு வெளியே வந்து, “நாளைக்கு வாங்க பாய். பேசிக்கலாம்” என்றார். புருஷன் ஞாபகம் வந்திருக்கும், பாவம்.

எனவே கண்ணியத்துக்குரிய மச்சானுக்கு இதனால் தெரிவித்துக்கொள்வது: பார்ட்ஸ் எல்லாம் கிடைத்துவிட்டது. தாங்கள் போட்ட நிபந்தனை வார்த்தைக்கு வார்த்தை நிறைவேறிவிட்டது. நாளைக் காலை பணத்தோடு பாகூர் போகிறேன், மாலையில் வெலோராவில் வில்லியனூர் வருகிறேன். இது தங்களிடம் அனுமதி கேட்கும் கடிதம் இல்லை. வயசு, முதுகு, மூலம் என்று எதைச் சொல்லியும் நிறுத்த முடியாது. புதிதாக வந்திருக்கிற ஜப்பான் கூட்டு வண்டியை வாங்கலாமே என்று புத்தி சொல்லவும் வேண்டாம். அதை வாங்க என் தயவு வேண்டியதில்லை, தெருவுக்கு நாலு பேர் வாங்குகிறார்கள். தங்கையிடம் சொல்லித் தடுக்கலாம் என்று நினைக்கவும் வேண்டாம். நேற்றிலிருந்து அவள் என்னிடம் பேசுவதே இல்லை, அதனால் தாங்கள் சொல்லி அனுப்பினாலும் எனக்கு வந்து சேராது. மழைக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து தாங்கள் கடை திறக்கும் நேரத்தில் வருவேன். என் சம்பந்தியையும் வாசலில் நிற்கச் சொல்லுங்கள். இந்தத் தடவை புரை ஏறினால் வேறு யாராவது தட்டட்டும்.

தங்கள் வீட்டு லாத்தாவுக்கும் பிள்ளைகளுக்கும் என் சலாம். தங்கள் வியாபாரம் பெருகவும், தங்கள் முழங்கால் மடங்கவும், வல்ல நாயன் தங்களுக்கு நீண்ட ஆயுளும் அடுத்தவர் ஆசையைக் கண்டு சிரிக்காத மனசும் கொடுக்கவும் துஆ செய்கிறேன். வஸ்ஸலாம்.

யாருக்கும் பயப்படாத
தங்கள் மச்சான்
காஜா மொய்தீன்

பி.கு. இதை நேற்று மாலையே தபாலில் போட்டிருக்க வேண்டும், தபால்தலை இல்லாமல் நின்றுவிட்டது. இன்று காலை பணத்தை மடியில் கட்டிக்கொண்டு பாகூர் போனேன். வண்டி கழுவித் துடைத்து வாசலில் நின்றது. வள்ளியம்மாள் அதற்கு முன்னால் நின்றார். “தப்பா நெனைக்காதீங்க பாய். ஓடாத வண்டின்னுதான் விக்க நெனைச்சேன். இப்பத்தான் ஓடுதே” என்றார். நானும் சும்மா விடவில்லை. கார்புரேட்டர் என்னுடையது, காயில் என்னுடையது, பித்தளை வளையம் என்னுடையது என்று கத்தினேன். எல்லாவற்றுக்கும் காசை இப்போதே எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். “நீங்க அட்வான்ஸ்னு கொஞ்சம் குடுத்திருந்தா நான் வாயத் தொறந்திருக்க முடியுமா? ஏன் பாய் குடுக்கல?” என்று அவரே கேட்டார். பார்ட்ஸ் கிடைக்கிற வரைக்கும் பணம் கொடுக்காதே என்பது என் மச்சான் போட்ட சட்டம் என்றேன். “அவரு நல்லா இருக்கணும், புள்ள குட்டியோட நூறு வயசு இருக்கணும்” என்று கிழக்கே பார்த்துக் கும்பிட்டார். காரைக்கால் தெற்கே இருக்கிறது. எப்படியும் தங்களுக்கு வந்து சேர்ந்திருக்கும். பிறகு அவர் மகள் அமுதம், பள்ளிக்கூடத்தில் டிரில் டீச்சர், சேலையைச் செருகிக்கொண்டு ஒரே உதையில் வண்டியைக் கிளப்பினாள். அம்மாள் பின்னால் ஏறி உட்கார, இரண்டு பேரும் ஏரிக்கரைப் பக்கம் போய்விட்டார்கள். நல்ல சத்தம், மச்சான். வளைவு திரும்புகிற வரைக்கும் கேட்டுக்கொண்டு நின்றேன். காயிலைக் கழற்று என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை.

வில்லியனூர் திரும்பினால் கடை வாசலில் மாட்டு வண்டி நிற்கிறது. மரியதாஸ் ஒப்பந்தம் தவறாத மனுஷன். சொன்னபடி தன் வெலோராவைக் கொண்டுவந்து இறக்கிவிட்டார். என்றைக்காவது அது ஓடினால் பின்னால் உட்காரும் உரிமை அவருக்குத்தான் என்றும் சொல்லிவிட்டுப் போனார். ஆக, நான் மோட்டார் சைக்கிள் சொந்தக்காரன் ஆகிவிட்டேன். காயில் இல்லை, கியர் பாக்ஸ் இல்லை, சக்கரம் சுற்றவில்லை, இப்போதைக்கு அதில் நன்றாக இருப்பது சீட்டு ஒன்றுதான். பாரிஸில் இருக்கும் தங்கள் மைத்துனருக்கு அடுத்த கடிதம் எழுதும்போது கியர் பாக்ஸ் என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். கைருன்னிசாவும் எழுதுவதாகச் சொல்லியிருந்தாள். ஆனால் கொல்லையில் நிறுத்தியதும் யாரும் பார்க்காத நேரமாக அதன் மேல் ஏறி உட்கார்ந்தவள், ஹேண்டில் பாரைக் குனிந்து பிடித்தபடி அரை மணி நேரமாக அங்கேயே இருக்கிறாள். சோறு ஆறுகிறது என்று கூப்பிட்டேன். இப்போது வர முடியாதாம், பாதி வழியில் இருக்கிறாளாம்.